குன்னூர்ச் செடியும் கடலூர்த் தண்ணீரும்

மொட்டைமாடி | மஞ்சக்குப்பம், கடலூர்
ஜூன் 8, காலை 6:52

எல்லோருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போதைக்கு எனக்கு ஆபீஸ் என்றால் மொட்டை மாடிதான். ஐந்தேகால் மணிக்கு டீ டம்ளரோடு மேலே ஏறினால் ஏழு மணிக்குத்தான் இறங்குகிறேன். நாற்பது சொச்சம் க்ரோ பேக் இருக்கிறது. கத்தரி, வெண்டை, சிறுகீரை, ஒரு பெயிண்ட் பக்கெட்டில் குண்டுமல்லி. முதல் வாய் டீ குடிக்கும்போது தேவனாம்பட்டினம் பக்கம் வானம் லேசாக வெளுத்திருக்கும். டம்ளர் காலியாகும்போது வெயில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியிருக்கும். அதற்குள் மல்லி மொட்டைப் பறித்துவிட வேண்டும் என்பது வீட்டம்மா சட்டம். வெயில் பட்ட மொட்டு கட்டுவதற்குள் துவண்டுவிடுமாம்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு சந்தேகம் கேட்கத்தான் வந்தேன். சுற்றி வளைப்பது பழக்கதோஷம்.

போன மாதம் பழக் கண்காட்சி பார்க்கக் குன்னூர் போயிருந்தோம். சிம்ஸ் பூங்காவை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரத்தில் ஒரு நாற்றுக்காரரிடம் தேயிலைக் கன்று இருந்தது. ஒரு சாண் உயரம், ஒன்பது இலை. வாங்கிவிட்டேன். ஊர் வந்து சேரும்வரை மடியை விட்டு இறக்கவில்லை. "கால் கிலோ தூள் வாங்கினால் ஒரு மாசம் வருமே, இதை எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?" என்று வீட்டம்மா கேட்டாள். அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

வந்து மூன்று வாரம் ஆகிறது. இலை ஓரமெல்லாம் காப்பிப்பொடி நிறத்தில் கருகுகிறது. புதிதாக விட்ட இலை மஞ்சளாக இருக்கிறது, நரம்பு மட்டும் பச்சை. இரண்டு வேளையும் தண்ணீர் விடுகிறேன், வாரம் ஒரு பிடி மண்புழு உரமும் போடுகிறேன். பிழைக்குமா?

அப்புறம், நீங்கள் எல்லாம் எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். செடி போனாலும் பேச்சாவது மிஞ்சட்டும்.

பாதிரிமரம் | திருப்பாதிரிப்புலியூர்
ஜூன் 8, பிற்பகல் 3:48

ஐயா, இவ்வளவு எழுதிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. என்ன தண்ணீர் விடுகிறீர்கள்? போர் தண்ணீர்தானே? பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் பதினைந்து வருடத்துக்கு முன் பருப்பு வெந்தது. இப்போது வேகாது. இந்தத் தண்ணீருக்கு நந்தியாவட்டை நிற்கிறது, செம்பருத்தி முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறது, ரோஜா மூன்று முறை வாங்கி மூன்று முறையும் போய்விட்டது. மலைச் செடி எப்படித் தாங்கும்? நீங்கள் இரண்டு வேளை ஊற்றுவது தண்ணீர் அல்ல, உப்பு.

என் டீ நேரத்தைப் பதிவின் தலையிலேயே பார்த்திருப்பீர்கள். மூன்றரைக்குப் போட்டு மூன்றே முக்காலுக்கு உட்காருவேன். கடல் காற்று எங்கள் தெருவுக்கு வந்து சேருவது அப்போதுதான். கொல்லைப்புறப் படிக்கட்டில் உட்கார்ந்து கனகாம்பரம் தொடுத்துக்கொண்டே குடிப்பேன். முன்பெல்லாம் மதியம் சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் குடிப்பது வழக்கம். ரத்தம் குறைவு என்று பார்த்த டாக்டரம்மா அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை டீ உடம்பில் ஒட்டவிடாதாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். மருந்து மாதிரி ஆரம்பித்ததுதான். இப்போது யாராவது இரண்டு மணிக்கு டீ நீட்டினால் எனக்கே கோபம் வருகிறது.

குன்னூர்க்குளிர் | முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஜூன் 8, இரவு 9:15

பெயரைப் பார்த்ததுமே புரிந்திருக்கும். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஆலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். மாமனார் ஊர் என்று இங்கே வந்து வியர்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா சொன்னது சரி. ஓரம் கருகுவது உப்பால். மஞ்சள் இலையில் நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்புச் சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. உங்கள் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, தேயிலை கேட்பது புளிப்பு மண். பிஎச் நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் இருந்தால்தான் அதன் வேர் ஒழுங்காகச் சாப்பிடும். காரம் கூடினால் பந்தி போட்டும் பட்டினி கதைதான்.

இரண்டாவது, வெயில். மலையிலேயே தேயிலைக்கு நடுவில் நிழலுக்கு சில்வர் ஓக் மரம் வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். உங்கள் மொட்டை மாடித் தளத்தில் பகல் ஒரு மணிக்கு வெறுங்காலோடு நிற்க முடியுமா? முதலில் பச்சை வலைக்கு அடியில் வையுங்கள். அடியில் ஒரு மரப்பலகை போடுங்கள். மண்புழு உரத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். காய்ச்சல்காரனுக்கு பிரியாணி எதற்கு?

பிழைக்குமா என்றால், சொல்ல முடியாது. ஆனால் செய்து பாருங்கள். எங்கள் புதுச்சேரியில் 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தாவரவியல் பூங்கா ஆரம்பித்ததே இந்த மண்ணுக்கு எது வரும், எது வராது என்று பார்க்கத்தான். நீங்கள் அதையே ஒரு பக்கெட்டில் செய்கிறீர்கள்.

நைட்ஷிப்ட் | கடலூர் முதுநகர்
ஜூன் 9, காலை 7:30

மன்னிக்கவும், கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன். இந்த இழையைப் படித்தால் டீ குடிக்கவே பென்ஷன் வேண்டும் போலிருக்கிறது. எனக்குத் தோட்டம் இல்லை. வாடகை வீடு, மாடிச் சாவி ஓனரிடம். சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட். விடியற்காலை வானம் எல்லாம் எனக்கு ஜன்னல் வழியாகத்தான்.

ஆனால் டீ இருக்கிறது. ஆறேகாலுக்கு வெளியே வந்தால் ரோட்டோரம் ஒரு கடை. மாஸ்டர் என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்டே இரண்டு வருடம் இருக்கும். கிளாஸில் பாய்லர் வெந்நீரைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றிக் கொட்டுவார். சர்க்கரை அரைக் கரண்டி, பால், அப்புறம் அந்தத் துணி வடிகட்டியை ஓர் அழுத்து. பழுப்பு ஒரு நூலாக இறங்கிப் பாலுக்குள் போகும். தலைக்கு மேல் தூக்கி இரண்டே ஆத்து. நுரை விளிம்பில் வந்து நிற்கும், ஒரு சொட்டு வழியாது. எட்டு மணி நேரம் மெஷின் சத்தம் கேட்ட காதுக்கு, அந்தக் கிளாஸை பெஞ்சில் வைக்கிற 'டக்'தான் முதல் மனுஷச் சத்தம்.

மாசக் கடைசியில் நானும் கூட வேலை பார்க்கிற அண்ணனும் ஒன் பை டூ. கடைக்காரர் இரண்டு கிளாஸிலும் முக்காலுக்கு மேல் ஊற்றுவார். கணக்குப் பார்த்தால் அவருக்கு நஷ்டம். தேதி அவருக்கும் தெரியும்.

தோட்டம் வேண்டும் என்றால் கடை முன்னால் ஒரு எண்ணெய் டின்னில் துளசி இருக்கிறது. கிளாஸ் கழுவிய தண்ணீர்தான் அதற்கு. நன்றாகத்தான் இருக்கிறது.

மொட்டைமாடி
ஜூன் 9, காலை 8:05

தம்பி, எரிச்சல் நியாயம். வேலையில் இருந்த முப்பத்து நான்கு வருடமும் நான் டீயைச் சூடாகக் குடித்த நாளை விரல்விட்டு எண்ணலாம். ஃபைல் மேல் வைத்து மறந்துபோய், ஏடு படிந்த பிறகு ஒரே மடக்கு. இப்போதுதான் ருசி பார்க்கிறேன். உங்கள் கடை எங்கே என்று மட்டும் சொல்லுங்கள்.

உப்பு சோதனை செய்தேன். நாக்கில் வைத்தேன். பாதிரிமரம் அம்மா சொன்னது உண்மை. வீட்டம்மா பார்த்துவிட்டாள், மண் தின்கிறேன் என்று மகளுக்குப் போன் போய்விட்டது.

குன்னூர்க்குளிர்
ஜூன் 9, இரவு 8:40

தம்பியின் மாஸ்டருக்கு என் வணக்கம். அவர் செய்வதுதான் முறை. தூளைத் தனியாக வெந்நீரில் இறக்கி, பாலைத் தனியாக வைத்து, கிளாஸில் சேர்க்கிறார். வீடுகளில் தூளையும் பாலையும் ஒன்றாகப் போட்டுப் பொங்கப் பொங்கக் கொதிக்க வைக்கிறீர்களே, அது டீ இல்லை, கஷாயம். ரொம்ப நேரம் கொதித்தால் வாசனை ஆவியோடு போய்விடும், துவர்ப்பு மட்டும் தங்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக நெஞ்சில் இருக்கிறது. 'டஸ்ட் டீ' என்றால் ஆலைத் தரையைக் கூட்டி அள்ளியது என்று நினைக்கிறவர்கள் படித்தவர்களிலேயே இருக்கிறார்கள். பறித்த இலையை ஒரு ராத்திரி வாட வைப்போம். பல் வைத்த உருளைகளுக்கு நடுவில் விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டுவோம். அந்த மூன்று வேலையின் இங்கிலீஷ் பெயரைச் சுருக்கினால்தான் சி.டி.சி. பச்சையாக விழுந்தது காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகும். அப்புறம் சூட்டில் உலர்த்திச் சல்லடை. மேல் சல்லடையில் நிற்பது பெரிய குருணை, கடைசியில் விழுவது டஸ்ட். துகள் சின்னது என்பதால் சட்டென்று நிறம் இறங்கும், திடமாக இருக்கும், பாலைத் தாங்கும். நம் ஊர் டீக்கடையே அதை நம்பித்தான் நிற்கிறது.

சந்தேகம் இருந்தால் நனைத்த வெள்ளைத் தாளில் தூளைக் கொஞ்சம் தூவிப் பாருங்கள். உடனே சிவப்பாகச் சாயம் ஓடினால் அது கலப்படம். நல்ல தூள் பச்சைத் தண்ணீரில் அவ்வளவு அவசரப்படாது.

பாதிரிமரம்
ஜூன் 10, பிற்பகல் 3:52

கஷாயமா? முப்பது வருடமாக இந்த வீட்டில் எல்லோரும் அந்தக் கஷாயத்தைக் குடித்துத்தான் ஆளானார்கள். உங்கள் முறையில் போட்டுப் பார்த்தேன், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கொடுக்கிற டீ மாதிரி இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டு, இரண்டு கொதி வந்து, பால் ஊற்றி இன்னும் இரண்டு கொதி. அதுதான் டீ.

சுக்குமல்லி | நெல்லிக்குப்பம்
ஜூன் 10, மாலை 5:20

எல்லாவற்றையும் விடுங்கள். தேயிலையும் வேண்டாம், பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். சுக்கு, மல்லி, கருப்பட்டி. முடிந்தது.

நைட்ஷிப்ட்
ஜூன் 10, மாலை 5:31

நெல்லிக்குப்பத்துக்காரரே சர்க்கரை வேண்டாம் என்றால் உங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலையை யார் ஓட்டுவது?

நெறியாளர்
ஜூன் 11, காலை 10:00

இஞ்சி முதலிலா கடைசியிலா என்று நடந்த பதினேழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். என் பங்குக்கு ஒன்று: பச்சை இஞ்சியைப் பாலில் நேரடியாகப் போட்டால் திரிந்துவிடும். தண்ணீரில் முதலில் கொதிக்கவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இதற்கும் சண்டை வேண்டாம். இங்கே செடியைப் பற்றிப் பேசுவோம்.

உப்புக்காத்து | தேவனாம்பட்டினம்
ஜூன் 12, இரவு 10:10

புதிய உறுப்பினர். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் அடித்தபோது எனக்குப் பத்தொன்பது வயசு. வாசலில் இருந்த பூவரசு, பின்னால் இரண்டு தென்னை, அத்தை வீட்டு மாமரம் எல்லாம் காலையில் படுத்துக் கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போனது எல்லோருக்கும் தெரியும். பலா மரம் விழுந்த வீட்டில் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆட்கள் போய் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பெரிய மரம் வைக்கவே இல்லை. எல்லாம் பக்கெட்தான். புயல் என்றால் உள்ளே தூக்கி வைத்துவிடலாம்.

சார் செடிக்கு ஒரு வழி சொல்கிறேன். நான் ஏசி மெக்கானிக். ஏசிக் குழாயில் சொட்டுகிறதே, அது காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்து வருகிற தண்ணீர். நிலத்தில் பட்டதே இல்லை, அதனால் உப்பு கிடையாது. நம் ஊர் புழுக்கத்துக்கு ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு பக்கெட் தாராளமாக நிறையும். குடிக்கக் கூடாது, செடிக்கு விடலாம். எங்கள் வீட்டில் ஒரு ரோஜா அதில்தான் நிற்கிறது. ரோஜா, தேவனாம்பட்டினத்தில்!

பாதிரிமரம்
ஜூன் 13, பிற்பகல் 3:50

தம்பி, அந்த ரோஜாவைப் படம் எடுத்துப் போடுங்கள். நம்பிவிடுகிறேன்.

மொட்டைமாடி
ஜூலை 20, காலை 6:30

தாமதமாக வருகிறேன், ஆடிப்பட்ட வேலை. அவரை, புடலை, பூசணி விதைத்தாயிற்று.

எங்கள் வீட்டில் ஏசி இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கிறது. சுவர் தாண்டி அவர்கள் குழாய் எங்கள் பக்கச் சந்தில்தான் சொட்டும். மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சொட்டுச் சத்தத்தால் தூக்கம் கெடுகிறது என்று நானே போய்ப் புகார் சொல்லி, அவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு குழாயைத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். இப்போது அதே குழாயை மறுபடி எங்கள் பக்கம் திருப்புங்கள் என்று கேட்க வேண்டும். நான்கு நாள் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் வீட்டம்மாவே ஒரு முழம் மல்லியோடு போய்ப் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாளோ, திரும்பி வந்து "உங்களைப் பார்த்து அவங்க பாவப்படறாங்க" என்றாள்.

ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் ஏசி போடுவார்கள். சில நிமிஷத்தில் இங்கே பக்கெட்டில் முதல் சொட்டு விழும். முன்பு தூக்கத்தைக் கெடுத்த அதே சத்தம், இப்போது கேட்காவிட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

செடி விஷயம்: ஒன்பது இலையில் ஐந்து கொட்டிவிட்டது. மண்ணை மாற்றினேன். செம்மண்ணோடு தென்னை நார்க்கழிவு பாதிக்குப் பாதி, நார்க்கழிவை மூன்று முறை அலசி. பச்சை வலை, பலகை எல்லாம் ஆயிற்று. மிச்சம் நாலு இலை அப்படியே நிற்கிறது. நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மொக்கு தெரிகிற மாதிரி இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன்.

சுக்குமல்லி
ஜூலை 20, காலை 9:12

குடித்து முடித்த டீத்தூளை அந்தச் செடிக்கே போடலாமே?

குன்னூர்க்குளிர்
ஜூலை 20, இரவு 9:00

போடலாம், அலசிவிட்டு. பாலும் சர்க்கரையும் ஒட்டிய தூளை அப்படியே கொட்டினால் எறும்புப் படை வரும், பின்னாலேயே மாவுப்பூச்சியும் வரும். மாவுப்பூச்சியை எறும்பு மாடு மாதிரி வைத்து மேய்க்கும். அலசி, காய வைத்து, ஒரு பிடி மண்ணோடு கலந்து போடுங்கள்.

குன்னூர்க்குளிர்
அக்டோபர் 24, காலை 7:10

மழை பிடித்துக்கொண்டது. 2024இல் ஃபெஞ்சல் புயலில் எங்கள் ஊரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, பால் வரவில்லை. அன்றைக்குத்தான் என் மனைவி முதல் முறையாகப் பால் இல்லாத டீ குடித்தாள். பதினெட்டு வருடம் சொல்லிக் கேட்காதவள் புயல் சொல்லிக் கேட்டாள். மறுநாள் பால் வந்ததும் மறந்துவிட்டாள்.

மொட்டைமாடி சார், மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். செடி எப்படி?

மொட்டைமாடி
அக்டோபர் 24, காலை 8:20

இரண்டு டிரம் பிடித்தாயிற்று. செடி முழங்கால் உயரம். நம்பமாட்டீர்கள் என்று அளந்தேன்: 46 செ.மீ. நாலு கிளை. மழைத் தண்ணீர் பட்ட இரண்டாவது வாரம் கிளைக்குக் கிளை துளிர். புது இலை இளம்பச்சையில் எண்ணெய் தடவின மாதிரி மின்னுகிறது.

எப்படிப் பறிப்பது, எப்படி வாட்டுவது என்று சொல்லுங்கள். மிஷின் இல்லை, இரண்டு கைதான்.

குன்னூர்க்குளிர்
அக்டோபர் 24, இரவு 9:30

கைதான் முதல் மிஷின். மொட்டும் அதை ஒட்டிய இரண்டு இலையும் மட்டும். நகத்தால் கிள்ளாதீர்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒடியுங்கள். தட்டில் பரப்பி ராத்திரி நிழலில் விடுங்கள். காலையில் மடித்தால் முறியாமல் துணி மாதிரி மடிய வேண்டும். உள்ளங்கையில் வைத்து, கை ஈரமாகும்வரை உருட்டுங்கள். ஈரத் துணி மூடி ஒரு மணி நேரம், இல்லை இரண்டு. பச்சை வாசனை போய்ப் பழ வாசனை வரும், நிறம் செம்புக்கு மாறும். அப்போது இரும்புச் சட்டியில், சிறு தீயில், நொறுங்கும் வரை வறுங்கள். கருக விட்டால் ஐந்து மாச உழைப்பு சாம்பல்.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். நிறைய எதிர்பார்க்காதீர்கள்.

உப்புக்காத்து
நவம்பர் 15, இரவு 10:40

சார், என்ன ஆச்சு? இங்கே கடையில் என் முதலாளி வரைக்கும் கேட்கிறார்.

மொட்டைமாடி
நவம்பர் 16, காலை 7:45

நேற்றுப் பறித்தேன். பதினான்கு கொழுந்து. வீட்டம்மாவின் கேக் தராசில் ஒன்பது கிராம். ராத்திரி சாமி அறையில் தட்டில் பரப்பி வைத்தோம், அங்கேதான் காற்று வராது, பூனையும் வராது. காலை நாலு மணிக்கே எழுந்துவிட்டேன். உருட்டும்போது கை முழுக்கப் பச்சை. வெட்டின புல், கொஞ்சம் கொய்யாக்காய் மாதிரி வாசனை. துணி மூடி வைத்துவிட்டு அவளும் நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஆறு மணி வாக்கில் அவள்தான் மோந்து பார்த்துவிட்டு "மாறிடுச்சு" என்றாள். வறுத்தது அவள், என்னை நம்பவில்லை. தராசில் வைத்தால் இரண்டு கிராம். உள்ளங்கை நடுவில் ஒரு சிட்டிகைக் கறுப்பு.

பால் ஊற்றவில்லை. டிரம்மில் பிடித்த மழைத் தண்ணீரை வடிகட்டி, ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, தூளை இறக்கி மூடி வைத்தோம். தேன் நிறம். ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தது, கொதித்ததில் குறைந்து முக்கால் டம்ளர்தான் வந்தது. மாடிக்கு எடுத்துப் போய் ஒன் பை டூ.

அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு, "முருங்கைக்கீரை வேகவெச்ச தண்ணி மாதிரி இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு முழுக்கக் குடித்தாள். பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் வைத்திருக்கலாம் என்று அப்புறம் ஒரு வருத்தம்.

மாத முடிவில் மல்லியைக் கவாத்து செய்யப் போகிறேன். பதியன் போடக் குச்சி வேண்டும் என்றால் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.

பாதிரிமரம்
நவம்பர் 16, பிற்பகல் 3:46

எனக்கு நாலு குச்சி. பதிலுக்குக் கனகாம்பர விதை.

நைட்ஷிப்ட்
நவம்பர் 17, காலை 6:35

சார், கடை பெஞ்சிலிருந்து எழுதுகிறேன். மாஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார்: ஆத்தினீங்களா?

மொட்டைமாடி
நவம்பர் 17, காலை 6:41

ஆத்தவில்லை என்று சொல்லுங்கள். இருந்ததே முக்கால் டம்ளர். சிந்திவிட்டால் அடுத்த கொழுந்துக்குத் தை மாசம் ஆகும்.